எந்த ஆரஞ்சு?

"அண்ணா, இந்த ஆரஞ்சுப் பகுதி எதற்காக இடைவெளிக்குள் வந்திருக்கிறது?"

பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆகியிருந்த பெண் கேட்ட கேள்வி இது. 2022ஆம் ஆண்டு. கோயம்புத்தூரில் ஒரு சிறிய பட்டறையில், பம்ப்செட் மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் போர்டுகளை வடிவமைத்துக்கொண்டிருந்தோம். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டாலும், கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டாலும் மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றும் போர்டு அது.

"எந்த ஆரஞ்சு, அம்மணி? அங்கே சிவப்பு மட்டும்தானே இருக்கிறது?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மவுஸை வாங்கி, வலப்புறப் பட்டியலில் 'இன்2' என்ற லேயரின், அதாவது போர்டுக்குள் புதைந்த இரண்டாம் செம்பு அடுக்கின், பெயரைச் சொடுக்கினார். பிறகு திரையின் மேல் விரலால் ஒரு நாக்கு போன்ற வடிவத்தை வரைந்து காட்டினார். வரைந்து காட்டிய பிறகும் எனக்கு அது தனியாகத் தெரியவில்லை. மேல் லேயரின் சிவப்பும் அவர் சொன்ன ஆரஞ்சும் என் கண்ணுக்கு ஒரே பழுப்பாகவே இருந்தன. மற்ற லேயர்களை மறைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

அந்த போர்டில் ஒரு பக்கம் 415 வோல்ட். மறுபக்கம் 5 வோல்ட். விவசாயி ஈரக் கையோடு அழுத்தும் பொத்தான்கள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர் அகலத்தில், எந்த லேயரிலும் செம்பே இல்லாத ஒரு வெற்றுப் பாதை விட்டிருந்தேன். ஒளி வழியே சைகையைக் கடத்தும் ஆப்டோகப்ளரும் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் மட்டுமே அதைத் தாண்டலாம். ஆனால் உள் லேயரில் 5 வோல்ட் பக்கத்தின் கிரவுண்டுச் செம்பு நாக்கை நீட்டி, அந்தப் பாதையைக் கடந்து, உயர் மின்னழுத்தக் கால்களுக்கு அருகே வரை போயிருந்தது. மென்பொருளின் விதிச் சோதனை பிழையே இல்லை என்று சொல்லியிருந்தது. நாம் சொல்லிக் கொடுத்த விதிகளை மட்டும்தான் அது சோதிக்கும். உள் லேயர்களிலும் அந்தப் பாதை காலியாக இருக்க வேண்டும் என்று நான் அதற்குச் சொல்லவே இல்லை. என் கண்ணை நம்பியிருந்தேன்.

உற்பத்தியாகி வந்த ஐந்து போர்டுகள் மேசை மேல் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூட மின்சாரம் கொடுக்காமல் அப்படியே ஒதுக்கிவைத்தோம்.

மறுநாள் கண் மருத்துவரிடம் போனேன். புள்ளிகளால் ஆன வட்டங்களைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டைகளை எடுத்தார். ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை, இன்றும் அதுதான் முதலில் கைக்கு வருகிறது. ஓர் அட்டையில் 21 என்று படித்தேன். அங்கே இருப்பது 74 என்றார். சிவப்பு பச்சை பிரித்தறிவதில் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த 74 பெரும்பாலும் 21ஆகத்தான் தெரியுமாம். எனக்கு அப்போது வயது 38.

அதற்குப் பிறகு பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாக இடம் பொருந்தின. சிறுவயதில் தோட்டத்தில் மிளகாய்ப்பழம் பறிக்கப் போனால் பாதியைச் செடியிலேயே விட்டுவிட்டு வருவேன். வேலையில் கவனமில்லை என்று அம்மா கோபித்துக்கொள்வார். ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளில் பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3. கல்லூரியில் எல்லோரும் பட்டையைப் பார்த்தே மதிப்பைச் சொல்வார்கள். நான் மட்டும் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்த பிறகே சொல்வேன். அது நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன். இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால், தாயின் தந்தையிடமிருந்து தாய் வழியாகப் பேரனுக்கு இறங்கலாம். என் அப்பிச்சி பழுத்த மிளகாயைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தொட்டுப் பார்த்தே பறிப்பார் என்று அம்மா சொன்னார்.

வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெண்களில் மிகக் குறைவு. சர்க்யூட் வரையும் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், அவர்களில் ஒருவருக்கு இது இருக்கலாம், அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் பயன்படுத்துவது கிகேட். பிரான்சைச் சேர்ந்த ஜான்-பியர் ஷராஸ் 1992இல் தொடங்கி, பிற்காலத்தில் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் கைகொடுத்து வளர்த்த, சர்க்யூட் வரைவதற்கான கட்டற்ற மென்பொருள். அதற்கு முன் சில காலம் ஜிஈடிஏ என்ற இன்னொரு தொகுப்பின் சர்க்யூட் வரையும் கருவியான ஜிஸ்கெம் பயன்படுத்தியிருக்கிறேன். அங்கே திரையின் நிறத்தை மாற்ற அமைப்புக் கோப்பைத் திறந்து, கரும்பின்னணி வரியின் முன்னே அரைப்புள்ளி இட்டு முடக்கி, வெண்பின்னணி வரியின் முன்னே இருந்த அரைப்புள்ளியை எடுக்க வேண்டும். கிகேட்டில் அந்தச் சிரமம் இல்லை. பிரிஃபரன்சஸ் திறந்தால் ஸ்கீமாட்டிக் (இணைப்பு வரைபடம்), பிசிபி (போர்டின் வடிவமைப்பு) இரண்டின் கீழும் தனித்தனியே கலர்ஸ் பக்கம் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் ஓர் இடத்தில் திணறுவார்கள்: 'கிகேட் டிஃபால்ட்', 'கிகேட் கிளாசிக்' என்ற இரண்டு தொகுப்புகளின் நிறங்களையும் மாற்ற முடியாது. மேலே உள்ள பட்டியலில் 'யூசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது 'நியூ தீம்' கொடுத்துப் பெயர் சூட்ட வேண்டும். அதன் பிறகே வண்ணக் கட்டங்கள் நம் சொல் கேட்கும்.

முதல் வாரம் நான் செய்தது வீண் வேலை. பிடித்த நிறமெல்லாம் வைத்துப் பார்த்தேன். பிறகு கிகேட்டுக்குள்ளேயே இருக்கும் உள்ளடக்க மேலாளரிலிருந்து, வேறொருவர் செய்த கரும்பின்னணித் தொகுப்பு ஒன்றை இறக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. இளஞ்சிவப்பு, இளநீலம், இளம்பச்சை என்று எல்லாம் மென்மையாக, எல்லாம் ஒரே அளவு வெளிச்சத்தில். எனக்கு அது பழையதைவிட மோசம்.

வழி காட்டியது ஒரு சாதாரணச் சோதனை. திரையைப் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். கிகேட்டின் இயல்பு நிறங்களில் மேல் லேயர் 200, 52, 52 என்ற சிவப்பு (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவுகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை). கீழ் லேயர் 77, 127, 196 என்ற நீலம். உள் லேயர் ஒன்று 127, 200, 127 என்ற பச்சை. இரண்டு 206, 125, 44 என்ற ஆரஞ்சு. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை மட்டும் தனியே பளிச்சென்று நின்றது. மற்ற மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டிய சாம்பல்.

காரணம் கணக்கில் இருக்கிறது. நம் கண் உணரும் ஒளிர்வில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு வெறும் 0.0722. இந்தக் கணக்குப்படி அந்தச் சிவப்பின் ஒளிர்வு ஏறத்தாழ 0.15, நீலம் 0.21, ஆரஞ்சு 0.28. நிறத்தைப் பிரித்தறியும் கண்ணுக்கு இவை மூன்று வேறு நிறங்கள். என் கண்ணுக்குச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே உள்ள நிற வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது; மிஞ்சுவது இந்தச் சிறிய வெளிச்ச வேறுபாடு மட்டுமே. செம்பு நிரப்புகள் பாதி ஒளிபுகும்படி ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும்போது அதுவும் போய்விடுகிறது.

ஆகவே முதலில் வெளிச்சப் படியைத் தீர்மானித்து, அதற்குப் பிறகு நிறத்தைத் தேடினேன். மசாதகா ஒகாபே, கெய் இதோ என்ற இரண்டு ஜப்பானிய அறிவியலாளர்கள், நிறக் குறைபாடு உள்ளவர்களும் பிரித்தறியும்படி எட்டு நிறங்கள் கொண்ட ஒரு தொகுப்பை அமைத்திருக்கிறார்கள். அதிலிருந்து எடுத்த நிறங்களோடு எங்கள் நான்கு லேயர் போர்டுக்கு நான் வைத்தது இது. மேல் லேயருக்கு 213, 94, 0 என்ற செம்மஞ்சள் சார்ந்த சிவப்பு. கீழ் லேயருக்கு 86, 180, 233 என்ற வானநீலம். மின்வழங்கல் ஓடும் இரண்டாம் உள் லேயருக்கு 240, 228, 66 என்ற மஞ்சள். முதல் உள் லேயர் முழுக்கக் கிரவுண்டு. போர்டு முழுதும் பரவிக் கிடப்பதால், அதற்குப் பளிச்சென்ற நிறம் கொடுத்தால் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதனால் அதற்கு மட்டும் 90, 90, 100 என்ற மங்கிய சாம்பல். இந்த நான்கின் ஒளிர்வு ஏறத்தாழ சாம்பல் 0.10, சிவப்பு 0.22, வானநீலம் 0.40, மஞ்சள் 0.74. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கறுப்பு வெள்ளையாக்கினாலும் நான்கு படிகள் தெளிவாக நிற்கின்றன.

மேல் லேயரைச் சிவப்புச் சாயலிலும் கீழ் லேயரை நீலச் சாயலிலும் வைத்துக்கொண்டது வேண்டுமென்றேதான். அந்த வழக்கம் கணினியில் வரைவதற்கு முந்தையது. போர்டுகளைக் கையால் ஒட்டி வரைந்த காலத்தில், ஒளிபுகும் மைலார் தாளின் மேல் ஒரு பக்கத்து டிராக்குகளுக்கு (செம்புக் கோடுகளுக்கு) சிவப்பு நாடாவையும் மறுபக்கத்துக்கு நீல நாடாவையும் ஒட்டுவார்கள். கேமராவின் முன் வண்ண வடிகட்டியை வைத்துப் படமெடுத்தால் ஒரு நிறம் மறைந்து மற்றது மட்டும் பதியும். ஒரே தாளிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் படம் கிடைத்துவிடும். நாங்கள் இன்று திரையில் காணும் சிவப்பும் நீலமும் அந்த நாடாக்களின் வாரிசுகள். அதைத் தலைகீழாக்கினால் என் திரையைப் பார்க்க வரும் சக ஊழியர்கள் திசை தெரியாமல் தவிப்பார்கள்.

ஒரு நிறத்தை மாற்றினால் அது வேறொன்றின் மேல் போய் இடிக்கும். மஞ்சளை உள் லேயருக்குக் கொடுத்ததும், மேல் பக்கத்து எழுத்து லேயரின் இயல்பு நிறமான வெளிர் மஞ்சள் அதோடு கலந்துவிட்டது. எழுத்துக்கு வெளிர் சாம்பல் வைத்தேன். இன்னொன்றை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்: விதிச் சோதனையின் பிழைக் குறி இயல்பாகவே சிவப்புச் சாயலில் இருக்கிறது. சிவப்புச் செம்பின் மேல் அந்தச் சிறிய அம்பு விழுந்தால், பட்டியலில் சொடுக்கிப் போய்ப் பார்த்தால் ஒழிய எனக்குத் தெரியாது. இப்போது அது தூய வெள்ளை. என் தொகுப்பில் வேறு எதுவும் தூய வெள்ளையாக இல்லை. பிழைக்கு என்று ஒரு நிறத்தை ஒதுக்கி, வேறு எதற்கும் அதைத் தொடாமல் வைத்திருப்பது, நிறக் குறைபாடு இல்லாதவர்களுக்கும் நான் சொல்லும் முதல் யோசனை.

ஸ்கீமாட்டிக்கின் கதை வேறு. அங்கே பின்னணி வெளிர் தந்த நிறம். இயல்பில் இணைப்புக் கம்பிகள் பச்சை, உறுப்புகளின் கோடு அடர்சிவப்பு. கம்பி எங்கே முடிகிறது, உறுப்பின் கால் எங்கே தொடங்குகிறது என்பதை நான் எப்போதும் ஊகித்தே படித்துவந்திருக்கிறேன். கம்பியை 0, 114, 178 என்ற நீலமாக்கியதும் அந்த ஊகம் தேவையற்றுப் போனது. இந்த ஒரு மாற்றம் மட்டும் செய்தாலே போதும் என்று எங்கள் பட்டறைக்கு வரும் பலருக்கும் சொல்கிறேன்.

மும்முனைக் கம்பிகளில்தான் தடுமாறினேன். நம் ஊரில் மும்முனைக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற ஆர்-ஒய்-பி வழக்கம் எலக்ட்ரீஷியன் முதல் பேனல் பெட்டி செய்பவர் வரை எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்றோடொன்று இணைந்த கம்பிகளின் தொகுதியை நெட் என்பார்கள்; நெட்டுகளை வகை பிரிக்கும் கிகேட்டின் நெட் கிளாஸ் அமைப்பில் ஒவ்வொரு முனைக்கும் அந்த நிறத்தையே கொடுத்தேன். வெளிர் பின்னணியில் மஞ்சள் கோடு கண்ணைவிட்டே மறைந்தது. இரண்டுக்கும் உள்ள மாறுபாட்டு விகிதம் கணக்கிட்டால் 1.03, படங்களுக்கும் கோடுகளுக்கும் குறைந்தது 3 வேண்டும் என்கிறது இணையத்துக்கான அணுகல் வழிகாட்டி நெறி. மஞ்சளை 150, 110, 0 என்ற கடுகு நிறமாக இறக்கியதும் விகிதம் 4ஐத் தாண்டியது, மஞ்சள் என்ற அடையாளமும் கெடவில்லை.

நிறம் மட்டும் போதாது என்பதும் அங்கேதான் உறைத்தது. நெட் கிளாஸில் நிறத்தின் பக்கத்திலேயே கோட்டின் தடிமனும் கோட்டின் வகையும் இருக்கின்றன. முதல் முனைக்கு முழுக்கோடு, இரண்டாவதற்கு விட்டுவிட்டு வரும் கோடு, மூன்றாவதற்குக் கோடும் புள்ளியும். உயர் மின்னழுத்தம் எல்லாமே தடித்த கோடு. எங்கள் பட்டறையில் ஸ்கீமாட்டிக்கைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, எண்ணெய்க் கை பட்ட தாளாகத்தான் பேனல் கம்பி இழுப்பவர்கள் பார்ப்பார்கள். அந்தத் தாளிலும் எந்த முனை எது என்று இப்போது தெரிகிறது. முன்பெல்லாம் அவர்கள் எழுந்து வந்து என்னைக் கேட்பார்கள்.

அச்சு பற்றி ஒன்று. திரையில் கரும்பின்னணி வைத்திருப்பவர்கள் அச்சிடும்போது அச்சுப் பெட்டியில் அச்சுக்கென்று வேறு நிறத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பின்னணி நிறத்தை அச்சிடாமலும் விடலாம். இதற்காகத் திரையின் நிறங்களை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை.

எந்த நிறம் எங்கே தங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நெட் கிளாஸுக்குக் கொடுத்த நிறங்கள் திட்டக் கோப்போடு போகும். கோப்பைப் பெறுபவரும் அதே நிறங்களைக் காண்பார். லேயர்களின் நிறங்களோ நம் கணினியில் மட்டும் இருக்கும். நான் மஞ்சளாகக் காணும் இரண்டாம் உள் லேயர் பக்கத்து மேசையில் இன்றும் ஆரஞ்சுதான். உற்பத்திக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளில் திரை நிறம் எதுவும் போகாது. ஆகவே சரிபார்ப்புக் குறிப்புகளில் நிறத்தின் பெயரை எழுதுவதை நிறுத்திவிட்டோம். 'அந்த நீல டிராக்' என்று இனி யாரும் எழுதுவதில்லை. லேயரின் பெயர், நெட்டின் பெயர், பக்கத்தில் இருக்கும் உறுப்பின் எண். இது மூன்றும் இருந்தால் எந்தத் திரையிலும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

நிறங்களைச் சீர்செய்ததோடு நின்றிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அந்த 8 மில்லிமீட்டர் பாதையில் இப்போது ஒரு தடைப் பகுதி வரைந்திருக்கிறேன்: ரூல் ஏரியா, எல்லாச் செம்பு லேயர்களுக்கும் பொருந்துவது, டிராக்கும், லேயர்களை இணைக்கும் துளையான வயாவும், நிரப்பும் உள்ளே வரக் கூடாது என்பது. உயர் மின்னழுத்த நெட்டுகளுக்குத் தனி நெட் கிளாஸ், அதற்குத் தனி இடைவெளி. சோதித்துப் பார்க்க அந்தப் பழைய நாக்கையே மறுபடியும் வரைந்து, நிரப்பச் சொன்னேன். கிரவுண்டுச் செம்பு தடைப் பகுதியின் விளிம்போடு வெட்டி நின்றுவிட்டது. டிராக் ஒன்றை உள்ளே வலிந்து இழுத்தபோது வெள்ளை அம்பு உடனே கண்ணில் பட்டது.

பார்வைக்கான பழக்கமும் கொஞ்சம் மாறியது. கண்ட்ரோல், எச் இரண்டையும் அழுத்தினால் நாம் வேலை செய்யாத லேயர்கள் மங்கும், மறுபடி அழுத்தினால் மறையும். ஒவ்வொரு லேயரையும் தனியே நிறுத்தி அந்த இடைவெளியை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்க்காமல் இப்போது எந்த போர்டையும் உற்பத்திக்கு அனுப்புவதில்லை. நான்கு லேயருக்கு நான்கு நிமிடம்கூட ஆகாது. செம்பு லேயர்களும் போர்டின் வெளிவிளிம்பும் மட்டும் தெரியும் ஒரு காட்சி அமைப்பைப் பெயர் சூட்டிச் சேமித்திருக்கிறேன், நிரப்புகளின் ஒளிபுகும் அளவையும் இறக்கி வைத்திருக்கிறேன். ஆறு, எட்டு லேயர் போர்டுகளுக்கு நிறம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போதாது. எட்டுச் செம்பு நிறங்களை ஒரே நேரத்தில் யார் கண்ணாலும் நிதானமாகப் பிரிக்க முடியாது என்பது என் எண்ணம். தனித்தனியே பார்ப்பது ஒன்றே அங்கே வழி.

இந்தத் தொகுப்பு, கிகேட்டின் அமைப்புக் கோப்புறைக்குள் கலர்ஸ் என்ற உள்கோப்புறையில் ஒரு ஜேசன் கோப்பாக இருக்கிறது. சாதாரண உரைக் கோப்பு. திறந்தால் ஒவ்வொரு லேயரின் எண்களும் தெரியும். அதை எடுத்து இன்னொரு கணினியில் அதே இடத்தில் வைத்தால் போதும். கிகேட்டின் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் அமைப்புக் கோப்புறை தனி என்பதால், புதிய பதிப்பு முதன்முறை திறக்கும்போது பழைய அமைப்புகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

2025இல் ஒன்பதாம் பதிப்பு வந்தபோது பட்டறையில் எனக்குப் புதிய கணினி கொடுத்தார்கள். பழைய அமைப்புகள் எதுவும் அதில் இல்லை. அவசரமாக ஒரு போர்டைத் திறந்து அரைமணி நேரம் டிராக் இழுத்த பிறகு, மேல் லேயரும் இரண்டாம் உள் லேயரும் ஒரே பழுப்பாகத் தெரிவதைக் கவனித்தேன். சேமிக்காமல் மூடினேன். பழைய கணினியை மறுபடி இயக்கி, அந்த ஜேசன் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துவந்து புதியதில் வைத்த பிறகுதான் போர்டை மறுபடியும் திறந்தேன்.